உப்பு பறக்காது, தெறிக்கும்

கேள்வி:

அக்கா, நான் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். அனிமேஷன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆறு நிமிடத்துக்கு ஒரு அறிவியல் புனைகதை அனிமேஷன் செய்கிறோம். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு ஆச்சி, விடியற்காலையில் பாத்தி நடுவில் ஒரு விண்கலம் இறங்குவதைப் பார்க்கிறார். அதிலிருந்து ஒளியாலான ஒரு உருவம் வந்து அவரிடம் பேசுகிறது. கடைசியில் கலம் மேலே போய் வெடித்துவிடுகிறது. இறங்கும்போது கிளம்பும் தூசி, கலத்தைச் சுற்றி ஒரு பாதுகாப்புக் கவசம், ஒளி உருவம், வெடிப்பு என நாலு எஃபெக்ட்ஸையும் யூடியூப் பார்த்து ப்ளெண்டர் என்ற இலவச அனிமேஷன் மென்பொருளில் செய்துவிட்டோம். தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. காட்சியில் வைத்தால் ஒட்டவே இல்லை, மேலே மிதக்கிறது. எஃபெக்ட்ஸுக்கென்றே இருக்கும் ஹூடினி மென்பொருளைக் கற்றுக்கொண்டால்தான் சரியாக வருமா? கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் ஒன்றும் லேப்டாப் மூன்றும் வைத்திருக்கிறோம். சமர்ப்பிக்க இன்னும் பதினான்கு வாரம் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் அனுப்பிய அனிமேட்டிக்கையும் (படத்தின் நேரம் பார்க்கும் முன்வடிவத்தையும்) நாலு எஃபெக்ட்ஸ் துண்டுகளையும் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தேன். ஆச்சி, உப்பு வாரும் பலகையைக் கீழே போடாமலேயே நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறாரே, அந்த ஒரு அசைவிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது. கதை நடக்கும் இடமும் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் மொட்டைமாடியில் நின்று ராக்கெட் பார்க்கப் போகும் காலம் வருகிறது. அந்த ஊர் உப்பளத்தில் ஒரு கலம் இறங்குகிறது என்றால் யாரும் நம்புவார்கள்.

முதலில் ஹூடினி விஷயத்தை முடித்துவிடுகிறேன். இந்தப் படத்துக்கு வேண்டாம். அது அருமையான மென்பொருள், என் சம்பளமே அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் பதினான்கு வாரத்தில் அதையும் கற்றுக்கொண்டு படத்தையும் முடிக்க முடியாது. இலவசமாகக் கிடைக்கும் பழகுநர் பதிப்பில் ரெண்டர் மேல், அதாவது கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் இறுதிப் படத்தின் மேல், வாட்டர்மார்க் வேறு விழும். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படமான ‘ஃப்ளோ’ ப்ளெண்டரில் செய்யப்பட்டது, அதற்குள்ளேயே இருக்கும் வேகமான ரெண்டர் எஞ்சினான ஈவீயில் ரெண்டர் செய்யப்பட்டது. அதே ப்ளெண்டரும் ஈவீயும்தான் உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கின்றன. படம் முடிந்த பிறகு, விடுமுறையில், ஹூடினியை நிதானமாக ஆரம்பியுங்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: ஏன் ஒட்டவில்லை?

இறங்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். கலம் கீழே வருகிறது, வெள்ளைத் தூசி மைதா மாவு மாதிரி பொங்கி எழுந்து கலத்தையே மூடிவிடுகிறது. நீங்கள் பார்த்த யூடியூப் வீடியோவில் கலம் இறங்கியது பாலைவனத்தில் என்று நினைக்கிறேன். அங்கே அந்தத் தூசி சரி. உங்கள் கலம் இறங்குவது உப்புப் பாத்தியில். பாத்தியில் இருப்பது காய்ந்த மாவு இல்லையே. அடியில் ஈரமான உப்புக் கற்கள், மேலே ஓரிரு விரற்கடை உப்புத் தண்ணீர், சுற்றிலும் களிமண் வரப்பு. அதன்மேல் காற்று வேகமாக அடித்தால் என்ன ஆகும்?

உங்களுக்குப் பதில் எழுதுவதற்காகவே வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு தாம்பாளத்தில் கல்லுப்பைப் பரப்பினேன். வேறொரு பாத்திரத்தில், இனி கரையாது என்று உப்பு அடியில் தங்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்து, அந்தத் தண்ணீரை மேலே ஊற்றினேன். வெறும் தண்ணீர் ஊற்றினால் கல்லுப்பு கரைந்துவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. போனை ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 பிரேமுக்கு வைத்துவிட்டு, ஒரு பிவிசி குழாயை நேர் கீழாகப் பிடித்து ஒரே மூச்சாக ஊதினேன். முதலில் தண்ணீரில் ஒரு குழி விழுந்தது. அடியிலிருந்த உப்பு வட்டமாக வெளியே தெரிந்தது. குழியைச் சுற்றித் தண்ணீர் ஒரு விளிம்பாக எழும்பி நின்றது. அந்த விளிம்பிலிருந்து பொடித் துளிகள் தாழ்வாக, தரையை ஒட்டியபடியே வெளியே தெறித்தன. சின்னக் கற்கள் உருண்டு போய் விளிம்பில் வளையமாகச் சேர்ந்தன, பெரிய கற்கள் அசையவே இல்லை. ஊதுவதை நிறுத்தியதும் தண்ணீர் நாலு பக்கமிருந்தும் குழிக்குள் திரும்பி ஓடி, நடுவில் மோதி, ஒரு சின்ன முட்டு முட்டி அடங்கியது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி முட்டுதான். கலம் இறங்கி எஞ்சினை அணைத்ததும் அதன் வயிற்றுக்கு அடியில் தண்ணீர் அப்படித் திரும்பி வந்து மோதினால், பார்க்கிறவர்களுக்கு அந்தக் கலத்தின் எடை தெரிந்துவிடும்.

ஒரு எஃபெக்ட் எவ்வளவு அழகு என்பதைவிட, அது தொட்ட பொருள் என்ன ஆனது என்பதைத்தான் நம் கண் முதலில் தேடும். உங்கள் தூசி எதையும் தொடவில்லை. பாத்தித் தண்ணீர் கண்ணாடி மாதிரி சலனமில்லாமல் இருக்கிறது, பின்னால் உப்பு அம்பாரத்தின் மேல் போட்ட ஓலை அசையவில்லை, ஆச்சியின் முந்தானை அவர் நடந்தபோது எப்படி ஆடியதோ அப்படியேதான் ஆடுகிறது. அதனால்தான் மிதக்கிறது. நாலு துண்டிலும் இதே குறைதான்.

அந்த ஷாட்டைத் திரும்பச் செய்யுங்கள். இந்த முறை புகை சிமுலேஷனை (புகையின் அசைவை கம்ப்யூட்டரே கணக்கிடுவதை) ஆரம்பிக்கவே வேண்டாம். தண்ணீரில் தொடங்குங்கள். ப்ளெண்டரில் டைனமிக் பெயிண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதில் அலை என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், ஒரு பொருள் தண்ணீர்ப் பரப்பைத் தொடுகிற இடத்திலிருந்து வளையம் வளையமாக அலை போகும். முழு நீர் சிமுலேஷனோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் நேரம் ஒன்றுமே இல்லை. கலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு உருண்டையை வைத்து, அதைத் தண்ணீருக்குள் அழுத்தினால் குழி, மேலே எடுத்தால் அந்தத் திரும்ப மோதும் முட்டு. அடுத்ததாகத் துளிகளும் சின்ன உப்புக் கற்களும். இவை வெறும் பார்ட்டிகிள், அதாவது கூட்டமாகக் கிளம்பும் துகள்கள். அப்புறம் ஓலை, முந்தானை. இவற்றுக்குத் துணி சிமுலேஷன் கூட வேண்டாம், எலும்பு போட்டுக் கையால் அசைத்தாலே போதும். கடைசியாகத்தான் தூசி, அதுவும் காய்ந்த வரப்பிலிருந்தும் வண்டிப்பாதையிலிருந்தும் மட்டும். அந்தத் தூசிக்கு மண் நிறம் கொடுங்கள். வெள்ளை உப்பளத்தில் மண் நிறத் தூசி எடுப்பாகத் தெரியும், வெள்ளைமேல் வெள்ளை காணாமல் போய்விடும்.

தூசி எப்படி எழும்பும் என்பதற்கு ஹெலிகாப்டர் இறங்கும் வீடியோக்களைப் பாருங்கள். நேராக மேலே பொங்காது. முதலில் தரையோடு தரையாக வெளியே ஓடும், ஓடி ஓடி முன்விளிம்பில்தான் சுருண்டு மேலே ஏறும். காற்று இருக்கிற இடத்தில் இப்படி. காற்றே இல்லாத நிலாவில் சுருள் என்ற பேச்சே இல்லை, ஒவ்வொரு துகளும் எறிந்த கல் மாதிரி போய் விழுந்துவிடும். அடுத்த படத்தை நிலாவில் எடுத்தீர்கள் என்றால் நினைவில் வையுங்கள்.

புகை சிமுலேஷனில் ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ரெசல்யூஷனை, அதாவது புகைப் பெட்டியின் பக்கத்தை எத்தனை கட்டமாகப் பிரிக்கிறோம் என்பதை, 64-லிருந்து 128 ஆக்கினால் வேலை இரண்டு மடங்கு ஆகும் என்று பலரும் நினைக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டிப்பதால் கட்டங்கள் எட்டு மடங்கு ஆகிவிடும். 256 வைத்தால் அறுபத்து நாலு மடங்கு. உங்கள் ஃபைலில் உப்பளம் முழுவதையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து 256 வைத்திருக்கிறீர்கள். கட்டங்களில் பெரும்பகுதி வெறும் காற்றுக்குச் செலவாகிறது. வரப்பை மட்டும் மூடுகிற மாதிரி நீளமான, தாழ்வான இரண்டு சின்னப் பெட்டிகள் போடுங்கள். 96-லேயே நன்றாக வந்துவிடும்.

பார்ட்டிகிளுக்கு வருவோம். 1982-இல் லூகாஸ்ஃபிலிமில் வில்லியம் ரீவ்ஸ் இந்த முறையை உருவாக்கினார், ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் இரண்டாவது படத்தில் ஒரு கிரகத்தின் மேல் தீ சுவராகப் பரவிப் போகும் காட்சிக்காக. ஒவ்வொரு துகளும் எங்கே பிறக்கிறது, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது, என்ன நிறம், எத்தனை பிரேம் உயிரோடு இருக்கும் என்பதுதான் அவர் வைத்த கேள்விகள். இன்றைக்கு ப்ளெண்டரின் பார்ட்டிகிள் பேனலைத் திறந்தாலும் அதே கேள்விகள்தான். நீங்கள் எல்லாத் துகளுக்கும் ஒரே பதிலைக் கொடுத்திருக்கிறீர்கள். எல்லாம் ஒரே வேகத்தில் கிளம்பி, ஒரே பிரேமில் சாகின்றன. வேகத்திலும் ஆயுளிலும் ரேண்டம் மதிப்பைக் கூட்டுங்கள், அளவிலும்தான். பெரிய கல் குறைவாகவும் சின்னக் கல் நிறையவும் இருக்கட்டும்.

இன்னொன்று, விழும் நேரம். பூமியில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ ஏறக்குறைய 0.45 நொடி ஆகும், அதாவது நொடிக்கு 24 பிரேம் கணக்கில் 11 பிரேம். ஒரு மீட்டர் உயரம் எழும்பி விழ 11 பிரேம் ஏறவும் 11 பிரேம் இறங்கவும். உங்கள் உப்புக் கற்கள் உச்சியிலிருந்து தரைக்கு வர 26 பிரேம் எடுத்துக்கொள்கின்றன. எண்ணிப் பார்த்தேன். அது கிட்டத்தட்ட நிலாவின் ஈர்ப்பு. பார்க்கிறவர்களுக்குக் கணக்கு தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். மாடலை உண்மையான அளவில் வைத்து, ஸ்கேலை அப்ளை செய்துவிட்டுப் பாருங்கள், பாதி சரியாகிவிடும். அதே கணக்கில் 100 மீட்டர் விழ 108 பிரேம் ஆகும். கடைசி வெடிப்பில் கலத்தின் துண்டுகள் உயரத்திலிருந்து ஒரே நொடியில் தரைக்கு வந்துவிடுவதால்தான் கலம் பொம்மை மாதிரி தெரிகிறது. பெரிய பொருள் தூரத்தில் மெதுவாக விழுவதாகத்தான் நம் கண்ணுக்குத் தோன்றும்.

அடுத்தது வெளிச்சம். எஞ்சின் தீ பிரகாசமாக இருக்கிறது, ஆனால் அந்தத் தீ எதன்மேலும் வெளிச்சம் போடவில்லை. ஒளிரும் மெட்டீரியல் மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். ஈவீயில் அதை நம்ப வேண்டாம், தீ இருக்கிற இடத்தில் ஒரு உண்மையான லைட்டை வையுங்கள். தீயின் பிரகாசமும் லைட்டின் பிரகாசமும் ஒரே வளைவில் ஏறி இறங்கட்டும். ஒன்று மாறினால் மற்றதையும் மாற்றும் ‘டிரைவர்’ வசதியைப் போட்டு இணைத்துவிடுங்கள். தீ துடிக்கும் அதே பிரேமில் ஆச்சியின் முகத்திலும் வெளிச்சம் துடித்தால் போதும், இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது தெரிந்துவிடும்.

உப்பளத்தில் நிற்கிறவர்களின் முகத்தை நீங்கள் என்னைவிட நன்றாகப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் தரையிலிருந்தும் வரும். தாடைக்கு அடியில், மூக்குக்கு அடியில் நிழலே இருக்காது. பகல் முழுக்க அந்த வெள்ளையைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்குக் கண் கூசிக்கூசி இடுங்கிப் போயிருக்கும். உங்கள் ஆச்சியின் முகத்தில் நிழல் நகரத் தெருவில் நிற்கிற மாதிரி விழுகிறது. தரையிலிருந்து மேல்நோக்கி ஒரு மெல்லிய ஏரியா லைட் வைத்துப் பாருங்கள். ஆச்சி உப்பளத்துக்குள் வந்து நிற்பார். (பழைய வீடியோக்களில் சொல்லும் ப்ளூம் பட்டனைத் தேடி அலைய வேண்டாம். 4.2 பதிப்பிலிருந்து அதை ஈவீயில் எடுத்துவிட்டார்கள். ரெண்டர் ஆன படங்களை ஒன்றுசேர்க்கும் காம்பாசிட்டரில் கிளேர் நோடைப் பயன்படுத்துங்கள், அளவாக.)

ஒட்டாததற்கு இன்னொரு காரணம், கை. உங்கள் கதாபாத்திரங்கள் மூன்றே நிழல்களில், தட்டையான வண்ணத்தில், இரண்டு பிரேமுக்கு ஒரு முறை மாறுகிற அசைவில் அழகாக இருக்கின்றன. புகை மட்டும் ஃபோட்டோ மாதிரி, 24 பிரேமிலும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆச்சியை ஒருவர் வரைந்து, புகையை வேறு ஏதோ ஊரில் யாரோ வரைந்த மாதிரி. புகையின் அடர்த்தியை ஒரு கலர் ரேம்ப்பில் விட்டு, கான்ஸ்டன்ட் என்று மாற்றி, ஆச்சிக்கு இருக்கிற அதே மூன்று நிழல்களாகப் படிப்படியாக வெட்டுங்கள். அசைவையும் இரண்டு பிரேமுக்கு ஒரு முறை ஆக்குங்கள். கேமரா நகரும் ஷாட்டில் மட்டும் ஜாக்கிரதை. ரெண்டர் ஆன படத்தை இரண்டு பிரேமுக்குப் பிடித்து வைத்தால் புகை தரையில் வழுக்கும். அந்த ஷாட்களில் கேமராவை அசையாமல் வைத்துவிடுவதுதான் சுலபம்.

கலம் வருவதற்கு முன் மேகம் கிழிந்து திறக்கும் ஒரு ஷாட் அனிமேட்டிக்கில் இருக்கிறது. அதற்கு சிமுலேஷனே வேண்டாம். 1977-இல் வந்த, வேற்றுக்கிரகக் கலங்கள் பூமிக்கு வரும் ஒரு படத்துக்கு எஃபெக்ட்ஸ் கலைஞர் டக்ளஸ் ட்ரம்புலின் குழு மேகங்களைக் கண்ணாடித் தொட்டியில்தான் எடுத்தது. தொட்டியின் அடியில் உப்புத் தண்ணீர், அதன்மேல் மெதுவாக நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். அதற்குள் வெள்ளைப் பெயிண்டைச் செலுத்தினால், அது அந்த எல்லையில் பரந்து மேகமாக விரியும். உங்களுக்கு உப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு பழைய மீன்தொட்டி, கொஞ்சம் வெள்ளை போஸ்டர் கலர், பின்னால் கறுப்புத் துணி, பக்கவாட்டில் ஒரு டார்ச். போனில் எடுத்து, கறுப்பு மறைந்து வெள்ளை மட்டும் நிற்கும் ஸ்கிரீன் முறையில் மேலே போட்டு, அதே மூன்று நிழல்களாக வெட்டினால் உங்கள் வானத்தோடு சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிகிற வேலை, நாலு பேரும் சேர்ந்து செய்யுங்கள்.

ஒளி உருவம். இதில் இரண்டு குறைகள். முகத்தை ஒளி ஊடுருவும்படி ஆக்கியதால் உள்ளே இருக்கிற பல்வரிசை, கண் உருண்டை, தலையின் பின்பக்கம் எல்லாம் தெரிகின்றன. மென்மையாகப் பேசும் காட்சியில் அது பயமுறுத்துகிறது. உருவத்தை முதலில் கெட்டியாகவே தனி வியூ லேயரில் ரெண்டர் செய்யுங்கள். அப்புறம் காம்பாசிட்டிங்கில் அந்தப் படத்தை மொத்தமாக மங்கலாக்குங்கள். பல் மறைந்துவிடும், முகம் மட்டும் நிற்கும். இரண்டாவது, மேலே ஓடும் கோடுகள் அளவெடுத்த மாதிரி சீராக இருக்கின்றன. 1982-இல் வந்த ‘ட்ரான்’ படத்தில் வேலை செய்த கென் பெர்லினுக்கும் இதே மனக்குறைதான், கம்ப்யூட்டர் படங்கள் எல்லாம் இயந்திரத்தனமாக இருக்கின்றன என்று. அதிலிருந்து பிறந்ததுதான், இயற்கையான ஒழுங்கின்மையைத் தரும் பெர்லின் நாய்ஸ் என்ற கணக்குமுறை, 1997-இல் அதற்கு அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. ப்ளெண்டரின் நாய்ஸ் டெக்ஸ்சர் அந்த வழியில் வந்தது. கோடுகளின் இடைவெளியையும் பிரகாசத்தையும் அதைக் கொண்டு கலைத்துவிடுங்கள். உருவம் பேசும்போது மட்டும் கொஞ்சம் பிரகாசம் கூடட்டும், அந்தக் கூடுதல் ஆச்சியின் கன்னத்திலும் பாத்தித் தண்ணீரிலும் விழட்டும். தண்ணீரில் அந்த உருவத்தின் பிரதிபலிப்பு இல்லாததை நான் இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன். கட்டாயம் வேண்டும்.

பாதுகாப்புக் கவசத்தை எடுத்துவிடுங்கள். கதையில் யாரும் கலத்தைத் தாக்கவில்லை, அது எதையும் தடுக்கவில்லை. கற்றுக்கொண்ட வித்தையை விட மனம் வராதுதான். அதில் செலவாகும் இரண்டு வாரத்தை இறங்கும் காட்சிக்குக் கொடுங்கள்.

இப்போது வெடிப்பு. இதில்தான் நீங்கள் அதிகம் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. ஒரு யோசனை சொல்கிறேன், நாலு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். வெடிப்பை நேராகக் காட்ட வேண்டாம். கேமரா ஆச்சியின் மேலேயே இருக்கட்டும். கலம் மேலே போகிறது, ஆச்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பிரேம் முழு வெள்ளை. பிறகு முகத்தில் ஆரஞ்சு வெளிச்சம், மெதுவாக மங்குகிறது. பின்னால் வரிசையாக நிற்கும் உப்பு அம்பாரங்களின் நிழல்கள் தரையில் ஒரே திசையில் நீள்கின்றன. சத்தம் இல்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். கலம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெடித்தால் சத்தம் ஆச்சியிடம் வர மூன்று நொடி, சுமார் 70 பிரேம் ஆகும். அந்த 70 பிரேமும் உப்பளம் நிசப்தமாக இருக்கட்டும், ஆச்சிக்கு என்ன நடந்தது என்று புரிகிற நேரம் அது. அப்புறம்தான் சத்தமும், அதோடு தூரத்துப் பாத்தியிலிருந்து ஒவ்வொரு பாத்தியாகக் கடந்து வரும் அலையும், ஓலை தூக்கிப்போடுவதும், முந்தானை பறப்பதும். இதற்கு வேண்டியது ஒரு லைட், இறங்கும் காட்சிக்காக ஏற்கெனவே செய்துவைத்த அலை, நல்ல ஒலி. தீப்பந்து சிமுலேஷன் ஒன்றுகூட வேண்டாம். காசில்லாததால் மறைக்கிறார்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். கதை ஆச்சியுடையது, அவர் பார்ப்பதை அவர் முகத்தில் பார்ப்பதுதான் முறை.

ரெண்டர் கணக்கையும் போட்டுவிடுவோம். ஆறு நிமிடம் என்றால் 8,640 பிரேம். ஒரு பிரேமுக்கு ஐந்து நிமிடம் பிடித்தால் 720 மணி நேரம். ஒரே கம்ப்யூட்டரில், கரண்ட் போகாமல், தப்பே வராமல் ஓடினாலும் முழுசாக 30 நாள். அதனால் பிரேமுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஆறு நாள். தப்பு வரும், திரும்ப ரெண்டர் செய்ய வேண்டியிருக்கும், அதற்கும் இடம் இருக்கும். புகை லேயரைத் தனியாகப் பாதி அளவில் ரெண்டர் செய்து பெரிதாக்குங்கள். புகை மென்மையானது என்பதால் வித்தியாசம் தெரியாது. அந்த லேயரில் கலத்தை ஹோல்ட்அவுட் ஆக (தான் தெரியாமல் பின்னால் இருப்பதை மட்டும் வெட்டும்படி) வைத்துவிட்டால் புகை அதன் பின்னால் சரியாக வெட்டப்பட்டு வரும்.

ஒருபோதும் நேராக வீடியோ ஃபைலாக ரெண்டர் செய்யாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் அப்படிச் செய்தேன். விடிந்தால் அனுப்ப வேண்டிய ஷாட், இரவு முழுக்க ஓடி, முடிய இருபது பிரேம் இருக்கும்போது கரண்ட் போனது. ஃபைல் திறக்கவே இல்லை, ஒரு பிரேம்கூட மிஞ்சவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த அண்ணன் ஒருவர் எதுவும் திட்டாமல் என் கணினியில் அவுட்புட்டை இமேஜ் சீக்வென்ஸாக மாற்றி வைத்துவிட்டுப் போனார். பிரேம் ஒவ்வொன்றும் தனி ஃபைலாக இருந்தால், நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ஓவர்ரைட்டை அணைத்து, பிளேஸ்ஹோல்டரை இயக்கி, ஃபோல்டரைப் பொதுவில் வைத்தால் நாலு கணினிகளும் ஒரே ஷாட்டைப் பங்குபோட்டு ரெண்டர் செய்யும். சிமுலேஷனையும் பேக் செய்து, அதாவது ஒரே முறை கணக்கிட்டு, அந்த முடிவை (கேஷை) டிஸ்கில் வைத்த பிறகே லேப்டாப்புகளுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் புகை வேறு வேறாக வரும்.

அடுத்த பத்து நாளுக்கு மட்டும் ஒரு வேலை சொல்கிறேன். எஃபெக்ட்ஸ் வரும் ஷாட்கள் அத்தனையிலும், சிமுலேஷன் எதுவும் இல்லாமல், சாம்பல் நிற உருண்டைகளை மட்டும் வைத்து நேரம் பாருங்கள். தூசிக்கு விரியும் ஒரு தட்டு, துளிகளுக்குப் பத்து உருண்டை, வெளிச்சத்துக்கு ஒரு லைட். ஆச்சியின் அசைவு அதற்குப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். அப்போதே காட்சி ஒட்டியிருக்க வேண்டும்.

இறங்கிய பிறகு வரும் ஷாட்களுக்கு ஒன்று சொல்ல மறந்தேன். சூடான கலத்தின் அடிப்பாகத்தில் தெறித்த உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் பூத்துப் போகும், வளையம் வளையமாக. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் காலில் படிந்திருக்குமே, அதே வெள்ளை. டெக்ஸ்சரில் கையால் வரைந்தாலே போதும், ரெண்டருக்குக் கூடுதல் நேரம் ஒரு நொடி ஆகாது. ஒளி உருவம் பேசும் காட்சியில் கலத்தின் காலிலும் ஆச்சியின் காலிலும் அந்தப் பூப்பு தெரிகிற மாதிரி ஒரு ஃபிரேம் வையுங்கள்.

உருண்டை வைத்த டெஸ்ட் தயாரானதும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா